கோடாலிக்கு இரண்டாம் சூடு

வீட்டுக்காரர் குவைத் போன பிறகு, கொல்லையில் மண்டிய சீமைக்கருவேலை நானேதான் வெட்டினேன். ஒருநாள் புதுக் கோடாலியின் வாய் உடைந்து தெறித்தது. பஸ் ஏறித் திருமயத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே கணவனும் மனைவியுமாக வேலை செய்தார்கள். கோடாலியைப் பழுக்கக் காய்ச்சி, மாறி மாறி அடித்து, புது வாய் எடுத்தார்கள். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனாலும் ஓர் அடிகூட முறை தவறவில்லை. தண்ணீரில் முக்கியதை அந்த அம்மா தேய்த்துவிட்டு மறுபடி உலையோரம் வைத்தார்.

“முக்கியாச்சுல்ல, இன்னும் எதுக்குங்க சூடு?” என்று கேட்டேன்.

“அப்படியே விட்டா ரொம்ப வெறைச்சிருங்க. மரத்துக் கணுவுல பட்டா ஒடைஞ்சிரும். மொதல்ல செஞ்சவங்க இதை விட்டிருப்பாங்க.”

வாய் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுத்தார்.

வேலை முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. “இங்கிட்டு வந்து டீ குடிங்க” என்றார் அந்த அம்மா. ஒரு பஸ்ஸைப் போகவிட்டு அவர்களோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பெரிய மரத்தையே சாய்த்தேன். கோடாலிக்கு ஒன்றும் ஆகவில்லை. போனில் வீட்டுக்காரரிடம் சொல்லத் தொடங்கினேன்.

“டூட்டிக்குக் கூப்பிடுறாங்க, அப்பறம் பேசுறேன்” என்றார்.

போனை வைத்துவிட்டு விறகை அடுக்கினேன்.