மூன்றாவது மதிப்பெண்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் ‘கழுகு’ என்று பெயர். தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் செக்கர் வேலை. பதினாறு வருடமாக அதுதான். குறையை மறைத்த செக்கருக்கு மறுநாள் வேலை கிடையாது. அந்தப் பயம் எலும்பு வரை ஊறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளின் கல்லூரி விண்ணப்பத்தையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தாள். மகள் பள்ளிப் பாடத்துக்கு மேலே கல்லூரித் தரத்தில் நடக்கும் மூன்று உயர்நிலைத் தேர்வுகள் எழுதியிருந்தாள். ஐந்து மதிப்பெண்ணுக்குக் கணக்கில் ஐந்து, வேதியியலில் நான்கு, இயற்பியலில் இரண்டு.

“இதையும் போடணுமாம்மா?” என்று மகள் இழுத்தாள்.

“வாங்கினதை எழுதுடி. ஒளிச்சு வச்சா நாளைக்கு நம்ம மேலதான் திரும்பும்.”

மகளின் பள்ளியில் இயற்பியலுக்கு ஏழு மாதம் ஆசிரியரே இல்லை. அதைச் சொல்ல விண்ணப்பத்தில் ஒரு கட்டமும் இல்லை.

மூன்றையும் எழுதி அன்றே அனுப்பிவிட்டார்கள்.

விண்ணப்பத்துக்குச் செவ்வாய்க்கிழமைதான் கடைசி நாள். மாலை ஐந்து மணி வரை. நாலேகாலுக்கு டீ குடிக்கும்போது மேனேஜர் கணக்காளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “பையன் அஞ்சு பரீட்சை எழுதினான். ரெண்டுல கவுந்துட்டான். அதை அப்ளிகேஷன்ல காட்டவே இல்ல.”

“சார், அது பொய் ஆகாதா?” என்று கேட்டேவிட்டாள்.

“என்னம்மா பொய்? கேக்காத கேள்விக்குப் பதில் எழுதினா மார்க்கா குடுப்பாங்க?”

டீயைக் கீழே வைத்தாள். போனை எடுத்து விண்ணப்ப விதிகளைத் தேடினாள். ‘உயர்நிலைத் தேர்வுகளில் நீங்கள் தெரிவிக்க விரும்பும் மதிப்பெண்களை மட்டும் பதியலாம்.’ ஞாயிற்றுக்கிழமையும் இந்த வரியைப் படித்தவள்தான். விருப்பம் என்ற சொல் தனக்கும் சேர்த்து எழுதப்பட்டது என்று மட்டும் தோன்றவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்கு அர்த்தம் சொல்ல ஆள் இருப்பது சில வீடுகளில் மட்டும். இதற்குத் தகுதி என்று வேறு பெயர்!

கல்லூரி அலுவலகத்துக்குப் போன் அடித்தாள். “அஞ்சு மணி வரைக்கும் திருத்தலாம்மா. ஒரே தடவைதான். உங்க பொண்ணு லாகின்லதான் பண்ணணும்.”

மகள் போனை எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை. மணி அடித்து எல்லோரும் இயந்திரத்துக்குத் திரும்பினார்கள்.

“ஏ கழுகு, உனக்குத் தனியாச் சொல்லணுமா?” என்றார் சூப்பர்வைசர்.

“லேட்டுன்னு எழுதிக்குங்க சார்.”

நாலு முப்பத்தாறுக்கு மகள் எடுத்தாள். அம்மா சொன்னதைக் கேட்டுத் தயங்கினாள். “இது ஏமாத்துறது இல்லையாம்மா?”

“விதியில அவங்க எழுதியிருக்கிறதை உரக்கப் படி.”

படித்தாள்.

“வாத்தியாரே இல்லாம பரீட்சை வச்சாங்களே, அதுக்குப் பேருதான்டி ஏமாத்துறது. அந்த ரெண்டை எடு.”

“எடுத்துட்டேன்... ஸ்கிரீன்ல வட்டம் சுத்துதும்மா... இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு...”

அவள் சுவரில் முதுகைச் சாய்த்தாள்.

“வந்துருச்சும்மா! ஏத்துக்கிட்டாங்க.”

நாலு நாற்பத்தெட்டு. தன் மேஜைக்குப் போகாமல் நேராக இஸ்திரிப் பிரிவுக்குப் போனாள். அங்கே நின்ற பெண்ணின் பையனும் அதே கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தான்.

“உன் பையன் எந்தெந்த மார்க்கைப் போட்டான்?”

“எல்லாத்தையும்தான்க்கா. மறைக்கவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“தப்பாச் சொல்லிட்டேன். பெட்டியைக் கீழ வச்சுட்டுப் பையனுக்குப் போனைப் போடு. இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு.”