விளிம்பில் சிரிலின் பெயர்

சிரில் ஓட்லிங்கைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. விமானப்படையில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றபின், லிங்கன்ஷயரின் அந்தத் தட்டை நிலத்தில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தார். நவம்பரில் போர் நினைவுத்தூண் முன்னால் மற்றவர்கள் பதக்கங்களோடு மின்ன, அவர் மட்டும் விமானப்படைப் பதக்கம் வாங்கியிருந்தும் வெறும் கோட்டோடு நிற்பார். என்ன அடக்கம் என்று ஊரே உருகியது. அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது. மனிதருக்குப் பயம்.

1993இல் அரசாங்கம் அந்தப் பதக்கத்தையே நிறுத்தியது. போரில்லாத பறப்பில் துணிச்சல் காட்டினால் அதிகாரிக்குச் சிலுவைப் பதக்கம், சார்ஜெண்டுக்கு நீள்வட்டப் பதக்கம் என்றிருந்தது போய், இனி எல்லாருக்கும் சிலுவைதான்.

"இனிமே உன்னோடது காட்சிப் பொருள்தான் சிரில்," என்றார் முன்னாள் வீரர்கள் மன்றத்தின் செயலாளர். "ஞாயித்துக்கிழமை மாட்டிட்டு வா. உனக்கு ஒரு பாராட்டு வெச்சிருக்கோம். ஈனிடும் வரா."

ஈனிட், சிரிலோடு விமானப்படையில் பறந்து இறந்துபோன நார்மன் டௌஸின் தங்கை.

1957இல் வட கடலுக்கு மேலே ஒரு பயிற்சிப் பறப்பு. விமானத்தின் வாலறையில், இருட்டில் வெளிச்சத்துக்காகப் போடும் ஒளிக்குண்டு ஒன்று தானாகப் பற்றிக்கொண்டது. நார்மன் வெறுங்கையால் அதை அள்ளி வெளியே தள்ளினார். சிரில் கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றார், கால் நகரவில்லை. பதக்கத்துக்கான பரிந்துரை நார்மன் பெயரில்தான் தட்டச்சானது. மூன்றாம் நாள் நார்மன் தீக்காயத்தால் இறந்துபோனார். இறந்தவனுக்கு அந்தப் பதக்கம் தர அன்றைக்கு விதியில்லை.

"படைப்பிரிவுக்கு ஒண்ணாவது வரணும், ஓட்லிங்," என்றார் தலைமை அதிகாரி. தாளில் பெயர் மாறியது. தீப்பிடித்ததற்குக் காரணமும் நார்மனின் கவனக்குறைவுதான் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. சிரில் மறுக்கவில்லை. பதக்கம் வந்தபோது அதன் விளிம்பைச் சுற்றி அவர் பெயர் பொறித்திருந்தது.

பாராட்டுக்கு முந்தின வியாழக்கிழமை காலை சிரில், ஈனிட் வீட்டு மேசைமேல் அதை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். ஈனிட் தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்டு முடித்தாள்.

"அம்மா சாகற வரைக்கும் நார்மன்மேல கோவமாத்தான் இருந்தாங்க. ஓட்லிங் பையன் இல்லன்னா எல்லாரும் செத்திருப்பாங்கன்னு சொல்லிச் சொல்லி, கிறிஸ்துமஸ் தவறாம உங்களுக்கு உலர்பழம் போட்டுச் சுட்ட ப்ளம் பிரெட் அனுப்பினாங்க."

"ஆமா."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

பதக்கத்தை அவர் பக்கமே தள்ளினாள். "இத எங்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா போலாம்னு பாக்கறீங்க. ஞாயித்துக்கிழமை மாட்டிட்டு வாங்க. எங்கிட்ட சொன்னத அங்க சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மன்றம் நிறைந்திருந்தது. முதன்முறையாகச் சிரிலின் மார்பில் சிவப்பும் வெள்ளையுமாய்ச் சாய்கோடு போட்ட நாடா. எழுந்து நின்றார்.

"இது நார்மன் டௌஸ் செஞ்சது. நான் கதவுகிட்ட சும்மா நின்னேன்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"பாத்தீங்களா, இப்பவும் அடுத்தவனுக்குத்தான் பேரு குடுக்கறாரு," என்றார் செயலாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நெஜமாத்தான் சொல்றேன்," என்றார் சிரில். இன்னும் பலமாகத் தட்டினார்கள். முன்வரிசையில் ஈனிட் மட்டும் கைகளை மடியில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வருடம் சேர்த்த நல்ல பெயர் சுவர்போல வழிமறித்து நின்றது. இப்படியே உட்கார்ந்துவிடலாம்; உண்மையைச் சொன்னதாகவும் ஆகும், பெயரும் கெடாது. அந்த ஆசை ஒரு கணம் அவரை நன்றாகவே ஆட்டியது.

உட்காரவில்லை.

"அவன்மேல பழி விழுந்தப்போ நான் வாயத் தெறக்கல," என்றார். "என்னை நம்பி அவங்க அம்மா அனுப்பின ப்ளம் பிரெட்ட இருபத்திரண்டு கிறிஸ்துமஸ் வாங்கித் தின்னேன். ஒவ்வொரு வருஷமும் நன்றின்னு கடிதம் வேற போட்டேன்."

கைதட்டல் அங்கங்கே குறைந்து, நின்றது.