சூடாக இருந்த லேப்டாப்

எங்கள் வீட்டில் எந்தப் பழைய சாமான் வாங்கினாலும் அப்பா தொட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிறவர். பழைய போட் இன்ஜின்களை வாங்கி ஓட்டியே எங்களைப் படிக்கவைத்தவர். என் லேப்டாப்பையும் அந்தத் தோரணையில்தான் பார்க்கக் கிளம்பினார்.

எனக்குக் கல்லூரியில் அது கடைசி வருஷம். ப்ராஜெக்ட் முடித்துக் கொடுத்தால்தான் டிகிரி. லேபிலோ ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர் மல்லுக்கட்டுவோம், சாயங்காலமானால் பூட்டிவிடுவார்கள். புதுசு வாங்க வசதியில்லை. தருமபுரத்தில் ஒரு சார் வீட்டில், அவருடைய அண்ணன் பிரான்சிலிருந்து கொண்டுவந்த பழைய லேப்டாப்பை விற்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரிப்பேர் கடையில் விசாரித்தேன். கொஞ்சம் மெமரி சேர்த்து, ஹார்ட் டிஸ்க்கை மாற்றிவிட்டால் தாராளமாக ஓடும் என்றார்கள்.

நாங்கள் வருகிறோம் என்று சார் காலையிலேயே அதை ஆன் செய்து மேஜைமேல் வைத்திருந்தார். பிரெஞ்சு கீபோர்ட். ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருந்தது. அதனாலென்ன, ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு சின்ன ப்ரோக்ராம் அடித்துப் பார்த்தேன். மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் ஓடியது. மனசுக்குள் அதை வாங்கியே விட்டேன்.

அப்பா ஸ்க்ரீனைப் பார்க்கவே இல்லை. லேப்டாப்பைத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்தார். முகம் மாறிவிட்டது. கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எழுந்துவிட்டார்.

தெருவுக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"சூடு பண்ணி வச்சிருக்காரு பாப்பா. ஆறிக் கெடந்தா அது ஸ்டார்ட் ஆவாது."

பழைய இன்ஜின் விற்கிறவர்கள் செய்கிற வேலை இது. ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்துவிட்டால், எந்த ஓட்டை இன்ஜினும் ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்ளும். அதனால் வாங்கப் போகிறவர் முதலில் தொட்டுத்தான் பார்ப்பார். லேப்டாப் என்றால் சூடாகத்தான் இருக்கும் என்று சொன்னேன், கெஞ்சினேன், கத்தினேன். மெமரி போட்டால் சரியாகிவிடும் என்றதற்கு, ஓட்டை போட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற கதை என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"உங்கண்ணன நடுக்கடல்ல நிக்க வச்சது போதும். ஒன்னையும் நிக்க வைக்க மாட்டேன்."

அப்படிச் சூடேற்றி வைத்திருந்த ஒரு இன்ஜினை நம்பி வாங்கி, அப்பாவும் அண்ணனும் கடலில் மாட்டிக்கொண்டார்கள். வேறு போட்டுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துவரும்வரை அம்மாவும் நானும் கரையில் நின்று அழுதது எனக்கு மறக்குமா? அவர்மேல் ஆத்திரப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

என்னோடு படித்த, பூவம் என்கிற ஊர்ப் பெண் அந்த லேப்டாப்பை வாங்கிவிட்டாள். மெமரி போட்டாள், ஹார்ட் டிஸ்க் மாற்றினாள், ஸ்டிக்கர் ஒட்டினாள். நான் மனசில் போட்டு வைத்திருந்த திட்டத்தை அப்படியே வேறொருத்தி செய்ததைப் பார்க்க வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனால் நல்ல பெண். ப்ராஜெக்டை அவள் வீட்டிலேயே வந்து செய்துகொள்ளச் சொன்னாள். அப்பா மொபெட்டில் கொண்டுபோய் விடுவார். முடிகிறவரை வெளியிலேயே காத்திருப்பார். எத்தனை கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார். அது எந்த லேப்டாப் என்று அவருக்குத் தெரியும்.

ப்ராஜெக்ட் முடிந்த அன்று வெளியே வந்ததும் கேட்டார்.

"நடுவுல எங்கயாவது நின்னுச்சா?"

ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்வதற்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தேன். வெயிலில் நின்று முகம் கறுத்துப்போயிருந்தது. பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவ நின்னுச்சுப்பா."

"நான்தான் சொன்னேன்ல" என்று நிம்மதியாக மொபெட்டில் ஏறி மிதித்தார். ரொம்ப நேரம் நின்று ஆறிப்போன வண்டி, பிடிக்கவில்லை. மறுபடி மிதித்தார், பிடிக்கவில்லை. ப்ராஜெக்ட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளினேன்.