என் விவசாயிக்கு முறுக்கு மீசை

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது தஞ்சாவூரிலிருந்து ஓர் அக்கா எங்கள் பள்ளிக்கு வந்தார். எந்த வேலை ஆணுக்கு, எந்த வேலை பெண்ணுக்கு என்று பிள்ளைகள் மனத்தில் எப்படிப் பதிந்துபோகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியாம். அதையெல்லாம் முதலில் சொல்லவில்லை. ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஒரு விவசாயியை வரையச் சொன்னார்.

வகுப்பு முழுக்க மீசை முளைத்தது. என் விவசாயிக்கு முறுக்கு மீசை.

அக்கா தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் யாருமே ஒரு பொம்பளைய வரையல?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த என் தோழி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, இவங்க வீட்ல அம்மாதான் விவசாயம். டிராக்டர்கூட ஓட்டுவாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பு கூசியது. அப்பா குவைத்தில் இருந்தார். நாற்று விடுவதிலிருந்து கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு காத்துக் கிடப்பது வரை எல்லாம் அம்மாதான். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, தண்ணீருக்காக வாய்க்கால் கரையில் அவள் போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும். "சரியான ஆம்பளை" என்பார் பெரியப்பா. அவர் பாராட்டுகிறாரா கேலி செய்கிறாரா என்று தெரியாமல் நான் உள்ளே போய்விடுவேன்.

"இல்லக்கா. எங்கப்பாதான் விவசாயி. அம்மா சும்மா ஒத்தாசைக்கு" என்றேன்.

அக்கா விடவில்லை. சாயங்காலம் அம்மாவைப் பார்க்க என்னோடே வந்தார். வழியெல்லாம் நான் பின்தங்கியே நடந்தேன்.

அம்மா நடவுக்காக வயலில் டிராக்டர் ஓட்டிச் சேறடித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிட்டு வரப்புக்கு வந்தாள்.

"வாங்க, வாங்க. பாப்பா ஏதும் தப்பு பண்ணிட்டாளா?"

"அதெல்லாம் இல்லீங்க. நீங்க விவசாயிதானே? உங்ககிட்ட கொஞ்சம் பேசலாம்னு வந்தேன்."

அம்மா அவசரமாகச் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டாள். "அய்யய்யோ, நான் இல்லீங்க. நான் வீட்லதான் சும்மா இருக்கேன். விவசாயமெல்லாம் இவங்க அப்பாதான். அவரு ஊர்ல இல்லாததால ஏதோ பாத்துக்கிறேன்."

"அவர் போய் எவ்வளவு நாளாச்சுங்க?"

"இவ கைக்குழந்தையா இருக்கப்ப போனாரு."

அக்கா எதுவும் எழுதாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கோ, அப்பாடா என்றிருந்தது. அம்மாவே சொல்லிவிட்டாள், இனி யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாது.

பேசி முடிக்கும்வரை அம்மா தன் காலைப் புல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஊரையே அதட்டுகிறவளுக்கும் என்னைப் போலவே கூசும் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. சேறு ஒட்டியிருக்கிறது, துடைக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.