கீழ்வேளூரிலிருந்து ஜப்பானிய வகுப்புக்கு

என் மகன் ஜப்பானில் ஒரு நெல் விவசாயியிடம் வேலை செய்கிறான். அந்த முதலாளிக்கும் என் வயது. தை முதல் தேதி அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். மகனுக்கு விடுப்பு இல்லை. நடுவில் ஆள் வைக்காமல் நானே அவரிடம் நெல்லைப் பற்றிப் பேச வேண்டும். அதற்காகக் கார்த்திகை முதல் வாரம் தஞ்சாவூர் போனேன்.

காலை ஆறே காலுக்குப் பேருந்து. திருவாரூரில் மாறவேண்டும். மொத்தம் எழுபது கிலோமீட்டர், அறுபத்தைந்து ரூபாய். ஜப்பானிய வகுப்புக்குப் போகிறேன் என்றதும், பேரனைச் சேர்க்கவா என்று நடத்துனர் கேட்டார். நான்தான் சேரப்போகிறேன் என்றேன்.

"அப்ப டோக்கியோவுக்கே டிக்கெட் கிழிச்சிடவா தாத்தா?"

பலகையில் எழுதியிருந்த ஊர்ப்பெயர்களை நானே வாசித்துக்கொண்டு போனேன். கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்து வரப்பில் நின்ற காலத்தில் எனக்குப் பள்ளிக்கூடம் எட்டவில்லை. எங்கள் ஊர் எழுத்தறிவு மையத்தில் போன வருடம்தான் தமிழ் படித்தேன்.

வகுப்பு பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான இடம் அது. பேச்சுக்குப் பத்து வாக்கியம் செல்பேசியில் பதிந்து தருகிறேன், கேட்டுப் பழகினால் போதும் என்றார் ஆசிரியை.

"காதால கேட்டேதான் எழுபது வருஷம் ஓட்டிட்டேன் டீச்சர். இது எனக்கு எழுத்துல வேணும்."

அவர் கட்டம் போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்து, முதல் ஐந்து எழுத்தை மதியத்துக்குள் பார்க்காமல் எழுதினால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அ, இ, உ, எ, ஒ என்று நம் வரிசையிலேயே ஒலிக்கின்றன. ஒரு பக்கம் நிரப்பினேன். பிறகு பார்க்காமலும் எழுதிக் காட்டினேன்.

"ஏன் ஐயா, ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் எழுதியிருக்கீங்க?"

"நாத்தை நெருக்கி நட்டா தூர் வெடிச்சுக் கிளைக்காதுங்க."

சிரித்தபடியே பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன். கைநாட்டுக்கு மைப்பெட்டியை நான் தேடவில்லை.

போகிறவர்களுக்கு: சனி, ஞாயிறு பத்து மணிக்கு வகுப்பு. கட்டம் போட்ட நோட்டே வாங்குங்கள். இடம் விட்டே எழுதுங்கள். அந்த வெற்றுக் கட்டத்தில் மறுநாள் முந்தையதை மறைத்துக்கொண்டு அதே எழுத்தை எழுதிப் பாருங்கள். தப்பு பக்கத்திலேயே தெரியும்.

அடிப்படை எழுத்து நாற்பத்தாறு; ஐந்து முடிந்தது, பாக்கி நாற்பத்தொன்று. தைக்கு இன்னும் ஐம்பத்தேழு நாள். தினம் ஒன்று நட்டாலும் பதினாறு நாள் மிச்சம். அவரிடம் முதலில் என்ன கேட்பது என்று யோசிக்க எனக்கு அது வேண்டும்.