குப்பம்மாளைப் பற்றிய ஆறாம் அத்தியாயம்

கள்ளக்குறிச்சியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு, மணலூர்பேட்டைப் பக்கத்துக் கரும்பு விவசாயி ராமலிங்கம், கல்வராயன் மலைச் சாதனையாளர்களைப் பற்றிய இருநூறு பக்கப் புத்தகத்தோடு வந்தார்.

"எழுத எத்தனை வருஷம் ஆச்சிங்க?"

"வருஷமா? ரெண்டு நாளு. போன்ல ஏஐகிட்ட நான் கேட்டுக்கினே இருந்தேன், அது எழுதிக்கினே இருந்திச்சி."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. என் பிழைப்பு போய்விடும் போலிருந்தது. ஆறாம் அத்தியாயத்தில்தான் நின்றேன். தன் மலைக்கிராமத்துக்கு ரோடு கேட்டுப் போராடிய குப்பம்மாள், ரோடு போட்டதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுக் காலமானாராம். அந்தக் குப்பம்மாள் முந்தின வாரம்தான் எங்களிடம் மனு டைப் செய்துகொண்டு போனார். ரோடு கேட்டுத்தான்.

சொன்னேன். "அதுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடப் போவுது?" என்றார் ராமலிங்கம்.

"கஸ்டமர் சொல்றதை அடிச்சிக் குடுங்க. உங்களுக்கு இன்னா போச்சி?" என்றார் முதலாளி.

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு வந்த குப்பம்மாளை அச்சகத்துக்கு அழைத்துவந்தேன். ராமலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, குப்பம்மாள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். தவறுக்கு மன்னிக்கவும், இருக்கிறார் என்றது போன்.

"பாத்தீங்களா, கரெக்டா சொல்லிடிச்சி!" என்றவர் அப்புறம்தான் அந்த அம்மாளுக்கு வணக்கம் வைத்தார்.

அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். தன் சாவைக் கேட்டுக் குப்பம்மாள் சிரித்தார். ரோடு போட்டாச்சு என்ற வரி வந்ததும் முகம் மாறிவிட்டது.

"இதை யாருக்கெல்லாம் குடுப்பீங்க?"

"எல்லா ஆபீசுக்கும் ஒரு காப்பிம்மா," என்றார் ராமலிங்கம்.

"ஐயா, என்னை வேணா செத்தவளாவே உட்டுடுங்க. ரோட்டை மட்டும் எடுத்துடுங்க. புஸ்தகத்துலயே போட்டாச்சே, இன்னும் இன்னாத்துக்கு மனுன்னு கேப்பாங்க. போன மாசம்கூட வலி வந்த எம் மருமவளை டோலி கட்டித்தான் தூக்கியாந்தோம்."

புத்தகம் ஓடிக்கொண்டிருந்த அச்சு மெஷினை நிறுத்தச் சொன்னதே முதலாளிதான்.

மறுவாரம் ராமலிங்கம் மலைக்குப் போனார். ரோடு முடிந்த இடத்தில் காரை விட்டு நடந்து, முட்டி வீங்கித் திரும்பினார். ஆறாம் அத்தியாயத்தைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார். வரிக்கு நாலு பிழை. அத்தனையையும் சந்தோஷமாகத் திருத்தினேன்.

அதன்பிறகு யார் புத்தகம் கொண்டுவந்தாலும் முதலில் ஒன்று கேட்பேன்: "இதுக்காக யாரை நேர்ல பாத்தீங்க?" சிலர் கோபித்துக்கொண்டு வேறு அச்சகம் போனார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் கேளுங்கள். ஒற்றுப்பிழையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.