வானத்தில் விலகிய தோள்

தலைமயிரைப் பின்னுவதற்காகக் கைகளை உயர்த்தியபோது வலது தோளுக்குள் ஏதோ நழுவியது. நழுவி, உடனே திரும்பித் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அதை வலி என்று சொல்ல முடியாது. அரைத்தூக்கத்தில் படி தவறினாற்போல ஒரு திடுக்கிடல், அவ்வளவுதான். சீப்பை வைத்துவிட்டுக் கையை மெல்லச் சுழற்றிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அன்றும் வேலைக்குப் போனேன்.

அப்போது நான் வளைகுடா நாடொன்றில், பாலைவனத்தின் ஓரமாக இருந்த ஒரு பரசூட் மையத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். விமானத்திலிருந்து குதித்தவர்கள் கொண்டுவந்து போடும் பரசூட்டுகளை மடித்து, பைக்குள் அடைத்துக் கொடுப்பது என் வேலை. இலங்கையில், சண்டிலிப்பாயில் இருக்கும் அம்மாவிடம் துணி மடிக்கிற வேலை என்று சொல்லியிருந்தேன். அம்மா அதைச் சலவைக்கடை என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. இரண்டாம் வருடத்தில் நானே குதிக்கப் பழகி, அதற்கான சான்றிதழும் எடுத்ததை அவரிடம் சொல்லவேயில்லை.

தோள் ஏன் நழுவியது என்று எனக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு (வாரத்துக்கு) முன், விமானக் கதவுக்கு மேலிருக்கும் கம்பியைப் பிடித்தபடி இன்னொருத்தியுடன் சேர்ந்து குதித்தேன். அவள் சரியான நேரத்தில் கையை விட்டாள். நான் ஒரு கணம் பிந்தி விட்டேன். உடம்பு வெளியே போய்விட்டது, கை உள்ளே நின்றது. அன்று நடந்தது தோள் அரைவிலகல் (பந்து போன்ற எலும்புமுனை தன் கிண்ணத்தின் விளிம்புவரை போய்த் தானாகவே திரும்பிவிடுவது) என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அதன்பின் வலப்பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. சட்டைக் கையில் கையை நுழைக்கும்போது தோள் ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் அசைந்தது. சொன்னால் குதிக்க விடமாட்டார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை. வலிக்குளிசையை விழுங்கிக்கொண்டு மேலே போனேன்.

இதை வாசிப்பவர்களில் விமானத்திலிருந்து குதிப்பவர்கள் ஒருவரோ இருவரோ இருக்கலாம். தோள் விலகியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இந்த இடத்தை மறைக்காமல் எழுதுகிறேன். என் காயம் வானத்தில் வந்தது அல்ல. நான் வாய் திறக்காதிருந்த அந்த இரண்டு மாதங்களில் அது தரையிலேயே வளர்ந்தது.

அந்த இரண்டு மாதத்தின் முடிவில் ஒரு பின்னேரம் குதித்தேன். வெயில் சாய்ந்திருந்தது. விழும்போது கைகள் காற்றின்மேல் கிடக்கும். தண்ணீரில் மிதப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருபக்கம் திரும்ப முயன்றபோது காற்று என் வலது கையைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுத்தது. காதுக்குள் அல்ல, எலும்புக்குள் ஒரு சத்தம் கேட்டது. அதன்பின் அந்தக் கை என்னுடையதாக இல்லை. யாருடையதோ போல என் தலைக்குப் பின்னால் அசைந்துகொண்டிருந்தது.

பரசூட்டைத் திறக்கும் பிடி வலது இடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. அதை வலது கையால்தான் எட்டலாம். உடம்பு சுழலத் தொடங்கியது. கீழே மணல்மேடுகள் மெதுவாக, மிக மெதுவாக, ஒரு பெரிய பூ திரும்புவதுபோலத் திரும்பின. பயப்பட வேண்டிய நேரத்தில் பயம் வரவில்லை. நேரம் எங்கும் போகாமல் என்னுடன் நின்றது. இடது நெஞ்சோடு இருக்கும் மற்றப் பிடி, அவசரப் பரசூட்டுக்கானது, நினைவுக்கு வந்தது. இடது பெருவிரலை அதற்குள் கொழுவி இழுத்தேன்.

தலைக்கு மேல் வெள்ளைத்துணி விரிந்தது. பிறகு ஒரே நிசப்தம். ஒற்றைக் கையால் திசை திருப்பி, வேகத்தைக் குறைக்க முடியாமல், இடப்பக்கமாக மணலில் உருண்டு விழுந்தேன். கால் முறியவில்லை. அங்குள்ள ஆஸ்பத்திரியில் தோளை இழுத்துப் பொருத்தினார்கள். பத்து நாளில், கையைத் தொங்குபட்டியில் போட்டபடி சண்டிலிப்பாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அம்மாவிடம் சொன்னேன்.

யாழ்ப்பாணத்தில் எலும்பு வைத்தியரிடம் போனபோது அம்மாவும் வந்தார். நடைகூடத்து வாங்கில் அமர்ந்து, எக்ஸ்றே உறையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டபோது அவரும் என்னுடன் வந்து இருந்தார். வைத்தியர் என் வயதளவான ஒரு பெண். படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எப்பிடி விழுந்தனீங்கள்?"

"குளியலறையிலை வழுக்கி."

அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். "வழுக்கி விழுறவை அநேகமாக் கையை ஊண்டித்தான் விழுவினம். உங்கடை கை மேலுக்கும் பின்னுக்கும் இழுபட்டிருக்கு. உண்மையைச் சொன்னால்தான் நான் சரியா வைத்தியம் செய்யலாம்."

அம்மா என்னைப் பார்த்தார்.

"வானத்திலை," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அம்மா எக்ஸ்றே உறையின் மூலையை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார்.

"இதுக்கு முதலும் விலகினதோ?" என்று வைத்தியர் கேட்டார்.

"ஓம். பாதி. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அதுதான் பிழை விட்டிட்டியள். அப்பவே ஓய்வெடுத்து, தோளைச் சுத்தியிருக்கிற தசையளுக்குப் பயிற்சி குடுத்திருந்தால் சிலவேளை இவ்வளவுக்கு வந்திராது."

அன்றே எடுத்த ஸ்கானில், கிண்ண விளிம்பு (எலும்புமுனை வெளியே போகாமல் தடுக்கும் குருத்தெலும்பு வளையம்) கிழிந்திருந்தது. துளைவழிச் சத்திரசிகிச்சை (பெரிதாக வெட்டாமல், சிறு துளைகளால் கருவிகளைச் செலுத்திச் செய்வது) வேண்டும் என்றார்.

இருவரும் ஓட்டோவில் திரும்பினோம். மானிப்பாயைத் தாண்டும்போது அம்மா கேட்டார்.

"எவ்வளவு உயரம்?"

எங்கள் ஊர்ப்பக்கம் உயரத்தைக் காட்ட ஒரு மலையும் இல்லை. "இஞ்சையிருந்து எங்கடை வீட்டை போற தூரத்தை நிமிர்த்தி வைச்சால், அவ்வளவு இருக்கும் அம்மா."

அம்மா ரோட்டைப் பார்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு மதிலாக, ஒவ்வொரு பனையாக, புகையிலைத் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டு வந்தார். ஓட்டோ எங்கள் படலையில் நின்றபோதுதான் வாய் திறந்தார்.

"உவ்வளவு தூரமும் விழுந்தனியே பிள்ளை?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் விடமாட்டியள்."

"விடமாட்டன்தான்," என்றார். படலையைத் திறந்து, நான் உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆறு கிழமை கை தொங்குபட்டியில் கிடந்தது. முப்பத்துமூன்று வயதில் அம்மா எனக்குத் தலை முழுக வார்த்தார், சட்டை மாட்டிவிட்டார், சோறு குழைத்துத் தந்தார். மத்தியானங்களில் குளிசை மயக்கத்தில் கிடப்பேன். கிணற்றடியில் மோட்டர் ஓடும் சத்தம் விமானச் சத்தமாகிவிடும். கட்டில் மெல்ல நழுவி வெளியே போகும். விழுவேன். தரையே வராது. வாழைத் தோட்டமும் மணல்மேடும் ஒன்றன்மேல் ஒன்றாக மிதக்கும். கண் விழித்தால் வெயில் அதே சுவரில், அதே இடத்தில் இருக்கும்.

ஏழாவது கிழமை இயன்மருத்துவர் (உடற்பயிற்சியால் மூட்டுகளையும் தசைகளையும் மீட்பவர்) பயிற்சி தொடங்கினார். விரல்களால் சுவரில் ஏற வேண்டும். எட்டிய இடத்தில் அம்மா பென்சிலால் கோடு போடுவார். சில நாட்களில் கோடு மேலே போகாது. ஒருமுறை ஒரு கிழமை முழுக்க ஒரே கோட்டில் நின்றேன். அழுகை வந்தது. "சுவர் எங்கையும் ஓடாது," என்று சொல்லிவிட்டு அம்மா மரக்கறிச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனார்.

பிறகு இறப்பர் பட்டி. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, கையை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். தோளின் பின்புறத்தில் எலும்பை இறுக்கிப் பிடிக்கும் சின்னத் தசைகள் இருக்கின்றன. நான் அவற்றைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. பரசூட்டின் ஒவ்வொரு நூலையும் தடவிச் சோதித்தவள், என்னைக் கட்டிவைத்திருந்தவற்றைச் சோதிக்கவில்லை. குதிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விமானத்தில் ஏறமுதல், முழுப் பையையும் போட்டுக்கொண்டு, திறக்கும் பிடியைப் பத்துத் தடவை எட்டிப் பாருங்கள். ஒரு தடவை நொந்தாலும் ஏறாதீர்கள். கம்பியை விடவேண்டிய நேரத்தில் விடுங்கள். ஒருமுறை நழுவினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஐந்தாம் மாதம் வைத்தியர் என் கையை உயர்த்தி, பின்னால் சாய்த்துப் பார்த்தார். அந்த நிலையில்தான் அது வானத்தில் கழன்றது. என் மூச்சு நின்றது. தோள் நிற்கவில்லை, அவர் கொண்டுபோன இடத்துக்கெல்லாம் போனது.

"நல்லாத் தாங்குது," என்றார்.

"திரும்பக் குதிக்கலாமோ?"

"ஒரு வருசம் போகட்டும், பாப்பம். ஆனால் மேலை வைச்சு விலகாது எண்டு நான் எழுதித் தரமாட்டன். அதை நீங்கள்தான் யோசிக்கோணும்."

வெளியே வந்ததும் அம்மா சொன்னார், "போறதெண்டால் எனக்குச் சொல்லிப்போட்டுப் போ. வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை." நான் பரசூட் மடிக்கத் திரும்பிப் போவது நிச்சயம். குதிப்பேனா என்று இன்னும் தெரியாது. முன்பென்றால் அந்தத் தெரியாமை என்னை அரித்திருக்கும். இப்போது அது என் பக்கத்தில் சும்மா இருக்கிறது.

தண்ணீரில் பயிற்சி செய்யலாம் என்று இயன்மருத்துவர் சொன்னதால் அந்த மாதம் கிழமைக்கு ஒருமுறை அம்மாவும் நானும் கடற்கரையோரம் ஊற்றுக் கேணி இருக்கும் கீரிமலைக்கு (பெயரில்தான் மலை) போனோம். பெண்களின் கேணியில் காலையில் ஆட்கள் குறைவு. மதிலுக்கு அப்பால் கடல் அடிக்கும் சத்தம் கேட்கும். இப்பால் ஊற்றுநீர் அசையாமல் கிடக்கும். நான் கையை விரித்து மிதப்பேன். அம்மா படியில் இருந்து பார்ப்பார்.

ஒருநாள் மார்பளவு தண்ணீருக்கு இறங்கி வந்தார்.

"விழேக்கை எப்பிடி இருக்கும்?"

"விழுற மாதிரி இருக்காது அம்மா. இப்பிடித்தான். காத்திலை கிடக்கிற மாதிரி."

"எவ்வளவு நேரம்?"

"ஐம்பது விநாடி வரும்."

"அவ்வளவுதானே?" என்றார். பிறகு, "என்னை ஒருக்காப் பிடி," என்றார்.

அம்மா ஒருநாளும் மிதந்ததில்லை. அவருடைய முதுகுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்தேன். முதலில் மரக்கட்டைபோல விறைத்துக்கொண்டு கிடந்தார். பிறகு கழுத்து இளகியது. கால்கள் தாமாக மேலே வந்தன. காதுகள் தண்ணீருக்குள் போனதும் அவருடைய முகம் நான் அதுவரை பார்த்திராத ஒரு முகமாக மாறியது.

"எண்ணு," என்றார்.

எண்ணினேன். அவருடைய பாரம் என் கைகளில் வந்து தங்கியது. பாரமென்று சொல்ல அங்கே அதிகம் இருக்கவில்லை. இருபதுக்குப் பிறகு, சத்திரசிகிச்சை செய்தது எந்தத் தோள் என்பதை நான் மறந்துவிட்டிருந்தேன். முப்பதுக்குப் பிறகு எண்ணுவதையும் விட்டுவிட்டேன். மேலே மேகம் இல்லாத வானம் இருந்தது.

"முடிஞ்சுதோ?" கண்களைத் திறக்காமல் அம்மா கேட்டார்.

"இல்லையம்மா," என்றேன். "இன்னும் கிடக்கு."